போர்வெல் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே டெல்டாவில் ஊருக்கு ஊர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வந்து நிற்கிறது. 200 அடி இறங்கும் ஒவ்வொரு துளையும் காவிரி அடுக்கடுக்காகப் போட்டுவைத்த மண்ணை மேலே கொண்டுவருகிறது. அது வரப்போரம் கொட்டப்படுகிறது. முதுகலை நிலவியல் ஆய்வேடுகள் பலவற்றிலோ 'மணல், களி, மணல்' என்று போர்க்காரர் சொன்னதுதான் மண்ணடுக்கின் வண்ணப்படமாகிறது. கல்லூரிகள் இந்தக் கோடையிலேயே மாணவர்களை வண்டியருகே அனுப்பலாம். வாளி, பாலிதீன் பை, அழியாத மை பேனா, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் போதும்.

பத்து அடிக்கு ஒரு கைப்பிடி மண். கேட்கச் சுலபம், தவறுவதும் இங்கேதான். 8 அங்குலத் துளை 200 அடி ஆழத்தில் ஏறக்குறைய 2000 லிட்டர் கொள்ளும். பம்பு நிமிடத்துக்கு 400 லிட்டர் தண்ணீரைத் துளைக்குள் தள்ளினால், அதோடு அடிமண் மேலே வர ஐந்து நிமிடமாகும். இளகிய மணலில் அதற்குள் துளை இன்னொரு பத்தடி இறங்கியிருக்கும். ஆகவே ராடு (துளைக்கும் இரும்புக் குழாய்) மாற்றும் முன் துளைப்பதை நிறுத்தி, வெறும் தண்ணீரைச் சுற்றவிட்டு, அதன்பிறகே மண்ணை எடுக்க வேண்டும். டீ வடிகட்டியில் பிடித்தால் களி கரைந்தோடி, எல்லா ஆழமும் மணலாகவே தெரியும். வாளியில் பிடித்துத் தெளியவிடுங்கள். ஈர நிறத்தை உடனே எழுதிக்கொள்ளுங்கள். காய்ந்தால் கரும்சாம்பல் வெளிறிவிடும். ஆழம் எழுதிய சீட்டைப் பைக்குள் போடாதீர்கள், மை ஊறிப்போகும்; பையின் மேலேயே அழியாத மையில் எழுதுங்கள்.

சிப்பி கிடைத்ததும் 'பழைய கடல்' என்று எழுதிவிடுவது இன்னொரு அவசரம். மேலடுக்கு சரிந்து விழுந்த சிப்பியாகவும் இருக்கலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலச் சொட்டுக்கு மண் நுரைத்தாலும் அது கடலுக்குச் சாட்சியாகாது, மண்ணிலேயே விளையும் சுண்ணாம்புக் கட்டியான சுக்கான்கல்லும் நுரைக்கும். துளை சரியாமலிருக்கச் சாணிக் கரைசல் ஊற்றியிருந்தால் சாணியின் புதுக் கார்பன் கலந்துவிடும்; அந்த மண்ணைக் கார்பன் காலக்கணிப்புக்கு அனுப்புவது வீண்செலவு.

ஒரு துளையின் அடுக்கை இன்னொன்றோடு ஒப்பிடத் தேவையான தரைமட்ட உயரத்துக்குக் கைப்பேசி ஜிபிஎஸ்ஸை நம்ப முடியாது. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரியாத கடைமடையில், அது காட்டும் உயரத்தில் சில மீட்டர் பிழை வந்தாலே அடுக்குகள் தலைகீழாகும். அருகிலுள்ள, உயரம் குறித்த நில அளவைக் குறிக்கல்லிலிருந்து மட்டம் பார்ப்பதே சரி.

பதிவின் நகலொன்றை நிலத்துக்காரரிடம் கட்டாயம் கொடுக்க வேண்டும். அடுத்த போருக்குத் தண்ணீர் உள்ளே புகும் ஃபில்டர் குழாயை எத்தனையாவது அடியில் இறக்குவது என்று அவர் அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

— நிலவியல் ஆசிரியர்கள் சிலர்,
மயிலாடுதுறை