ஜான் லார்ட் விஷயமாக ரகுவுக்கு

அன்புள்ள ரகு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கண் அறுவை சிகிச்சை முடிந்து இப்போதுதான் படிக்கவும் எழுதவும் அனுமதி கிடைத்திருக்கிறது. நீ பழைய ஆம்ப்ளிஃபையரை விற்றுவிட்டாய் என்று படித்தபோது மனசு என்னவோ போலாகிவிட்டது. அதைத் தூக்கி வைக்க இனி நம்மால் முடியாது என்கிறாய், அதுவும் நியாயம்தான். பேத்தி செல்லோ கற்க ஆரம்பித்திருக்கிறாளாமே! முதல் வருஷம் வீட்டில் எல்லோர் காதுக்கும் சோதனைதான். பொறுத்துக்கொள்.

கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருந்தாய்: ராக் ஆட்களுக்கு வயசானால் கோட்டை மாட்டிக்கொண்டு ஆர்க்கெஸ்ட்ரா பக்கம் ஒதுங்கிவிடுகிறார்கள், மரியாதை தேடி. டீப் பர்ப்பிள் ராக் குழுவில் ஆர்கன் வாசித்த ஜான் லார்டையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டாய். அங்கேதான் எனக்கு உன்னோடு சண்டை.

முதலில் வயசுக் கணக்கே இடிக்கிறது. டீப் பர்ப்பிள் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு மேடை ஏறியது 1969 செப்டம்பர் 24. லார்டுக்கு அப்போது 28 வயசு. நீயும் நானும் தேயத் தேயக் கேட்ட 'இன் ராக்' இசைத்தட்டு வந்ததே அடுத்த வருஷம்தான். சின்ன வயசிலேயே பியானோவை முறையாகக் கற்றவர் அவர். லண்டனுக்குப் போனது நடிப்புப் படிக்க. ராக் அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஆக, ஆர்க்கெஸ்ட்ரா ஆசை கடைசியில் முளைத்ததாக நீ சொல்வது பொருந்தவில்லை.

அன்று மேடையில் வாசித்த, லார்ட் எழுதிய 'கன்செர்ட்டோ ஃபார் குரூப் அண்ட் ஆர்க்கெஸ்ட்ரா'வை இப்போது திரும்பக் கேட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், அதில் எனக்குப் பாதிதான் பிடிக்கிறது. முதல் பகுதியில் ராக் குழு, ஆர்க்கெஸ்ட்ரா என்ற இரண்டு தரப்பையும் எதிரிகளாக நிறுத்த வேண்டும் என்பது அவர் திட்டம். திட்டம் நன்றாகவே பலித்துவிட்டது! ஆர்க்கெஸ்ட்ரா நீளமாக ஒன்று சொல்லி முடிக்கும், குழுவின் பிளாக்மோர் கிடாரோடு பாய்வார், ஆர்க்கெஸ்ட்ரா வாயை மூடிக்கொள்ளும். ஒரே மேடையில் இரண்டு கச்சேரி. வாத்தியக்காரர்கள் சிலருக்கு ஒத்திகையின்போதே இந்தக் கூட்டணி பிடிக்கவில்லையாம். வண்டியை ஓட்டிக் கரை சேர்த்தவர் கண்டக்டர் மால்கம் ஆர்னல்ட். அவரே பெரிய இசையமைப்பாளர், ஒரு காலத்தில் லண்டன் ஃபில்ஹார்மானிக்கில் டிரம்பெட் வாசித்தவர். இரண்டு பக்கத்து ஆட்களின் மனசும் அவருக்குப் புரிந்திருக்கும்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் சுவாரஸ்யம். 1970-இல் ஹாலிவுட் பௌலில் ஒருமுறை வாசித்தார்கள். அதோடு ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியத்துக்கும் இசையை எழுதிவைத்த காகிதம், தொலைந்துபோனது. முப்பது வருஷத்துக்கு அந்த இசை பதிவில் மட்டும்தான் இருந்தது, திரும்ப வாசிக்கக் காகிதம் இல்லை. மார்க்கோ டி ஹூய் என்ற இளம் டச்சு இசையமைப்பாளர் பழைய ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு, அந்தக் கச்சேரியின் படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு வாத்தியத்தின் வரியையும் எழுதி எடுத்தார். கேட்டுப் புரியாத இடங்களை லார்டும் உட்கார்ந்து நிரப்பினார். 1999-இல் அதே ஆல்பர்ட் ஹால், இந்தமுறை லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா, பால் மான் நடத்தினார். ஒரு கிடார் சோலோவைக் காதால் பிடிக்கவே நாம் எவ்வளவு பாடுபட்டோம்! அந்த டச்சுப் பையனுக்கு ஒரு கும்பிடு.

2002-இல் லார்ட் குழுவை விட்டு விலகினார். இதை நீ ஓய்வு என்கிறாய். கடினமான வேலை அங்கேதான் ஆரம்பித்தது என்பேன் நான். ஆர்கன்காரருக்கு விசையை அழுத்தியிருக்கும்வரை ஒலி நீடிக்கும்; கையை எடுத்தால்தான் ஓயும். ஓபோ வாசிப்பவருக்கு மூச்சு வேண்டும், வயலின்காரருக்கு வில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனால் திருப்பியாக வேண்டும். ஹார்ன்காரர் முன்னால் வைத்த காகிதத்தில் 'சி' ஸ்வரம் என்று இருந்தால் காதில் விழுவது 'எஃப்'. மேடையில் பாதி வழியில் தோன்றியதை அப்போதே வாசித்துவிடும் சுகமும் போச்சு. எழுபது எண்பது பேருக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாக வேண்டும். தாளமும் டிரம்மர் கையை விட்டுக் கண்டக்டரின் கோலுக்குப் போய்விடுகிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்கு நம்மைப்போன்ற கிடார்க்காரர்களைவிட அனுகூலம் உண்டு. அவர் வாசித்த ஹாம்மண்ட் மின் ஆர்கனில் ஒன்பது டிராபார்கள், அதாவது இழுத்துத் தள்ளும் பட்டைகள், ஒவ்வொன்றையும் எவ்வளவு இழுக்கிறோம் என்பதைப் பொறுத்து நாதம் மாறும். சமையல்காரர் உப்பு, புளி, காரத்தைக் கூட்டிக் குறைப்பதுபோல அவர் பல வருஷம் நாதத்தைக் கலந்தே வாசித்தவர். குழலோடு வயோலாவைச் சேர்த்தால் என்ன நிறம் வரும் என்று யோசிப்பது அவருக்குப் புதுசாக இருந்திருக்காது. இது என் ஊகம்தான், ஆனால் அவருடைய பிற்கால இசையில் அது காதில் கேட்கிறது.

நீ மரியாதை தேடி என்கிறாயே, அதற்கு என் பதில் அவருடைய பியானோ கன்செர்ட்டோ, 'பூம் ஆஃப் த டிங்லிங் ஸ்ட்ரிங்ஸ்'. தலைப்பு டி.எச். லாரன்ஸின் 'பியானோ' கவிதையில் உள்ள சொற்கள். அம்மா வாசிக்க, பியானோவுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தை வருமே, அந்தக் கவிதை. ஆயுள் முழுக்க விசைகளிலேயே வாழ்ந்தவர், பியானோவுக்கென்றே எழுதியதைப் பதிவின்போது நெல்சன் கோர்னர் என்ற பியானோ கலைஞர் கையில் கொடுத்தார். கைதட்டலுக்கு அலைபவன் அந்த நாற்காலியை விட்டுக்கொடுப்பானா? நீயே சொல். என்னைப் பொறுத்தவரை அவர் இடம் மாறியது அந்த நாளில்தான், 2002-இல் இல்லை.

அடுத்து 'டர்ஹம் கன்செர்ட்டோ'. டர்ஹம் பல்கலைக்கழகத்தின் 175-ஆவது ஆண்டுக்காகக் கேட்டு வாங்கியது. 2007 அக்டோபரில் அங்குள்ள கதீட்ரலில் அரங்கேறியது. ஒரு நாளின் காலை, பகல், மாலை என்று போகும். வயலின், செல்லோ, நார்த்தம்பிரியன் பைப்ஸ் என்ற வட இங்கிலாந்துப் பைக்குழல் எல்லாம் தனித்து வரும். ஹாம்மண்டும் உண்டு! ஆனால் 1969-இல் ஆர்க்கெஸ்ட்ராவோடு மல்லுக்கு நின்ற அதே வாத்தியம், இங்கே தன் முறை வரும்வரை காத்திருக்கிறது, வந்ததும் பேசிவிட்டு வழி விடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

எல்லாருக்கும் இது கைகூடுவதில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஜெனிசிஸ் ராக் குழுவின் கீபோர்டுக்காரர் டோனி பேங்க்ஸ் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிய 'செவன்' 2004-இல் நாக்ஸாஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் வந்தது, லண்டன் ஃபில்ஹார்மானிக் வாசித்தது. அழகான ஸ்வர அடுக்குகள்தான். ஆனால் தந்தி வாத்தியங்கள் பல இடங்களில் சிந்தசைசர் செய்த வேலையையே செய்கின்றன என்று எனக்குப் படுகிறது. உன் குற்றச்சாட்டை அவர்மேல் வைத்தால்கூட நான் பெரிதாக வாதாட மாட்டேன். லார்ட் விஷயத்தில் விடமாட்டேன்.

அவர் 2012 ஜூலையில் 71 வயசில் போய்விட்டார். பழைய கன்செர்ட்டோவின் ஸ்டூடியோப் பதிவு அதே வருஷம் வெளிவந்தது. நீ அதில் ஆரம்பிக்காதே, டர்ஹத்தில் ஆரம்பி. பேத்தியையும் பக்கத்தில் உட்காரவை, செல்லோ வரும் இடங்களை அவளே உனக்குக் காட்டுவாள். கேட்டுவிட்டு எழுது. திட்டுவதானால் பக்கம் பக்கமாகத் திட்டு. இப்போது எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

அன்புடன்,
பாலு