மார்க் ட்வைன் வாழ்க்கையிலிருந்து போரை வெட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய சிறுவர் நூல் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவர் வெளியிட்ட, அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனின் வாழ்க்கை வரலாற்றைக் கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய ஓர் ஆசிரியை எழுதுகிறேன். பதிப்பகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வீர்கள்.

"1861-இல் படகு வேலையை விட்டுவிட்டு மேற்கே புறப்பட்டார்" என்று அந்நூலில் ஒரு வரி. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னை நிறுத்தினாள். "ஆசைப்பட்டுக் கற்ற வேலையை ஏன் டீச்சர் விட்டார்?" அடுத்த பத்தியில் நெவாடா வருகிறது, வெள்ளிச் சுரங்கம் வருகிறது, பத்திரிகை வேலை வருகிறது. அவள் கேள்விக்குப் பதில் மட்டும் வரவில்லை.

பதில், போர். அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் மிசிசிப்பி ஆற்றில் வணிகப் படகுகள் நின்றுபோயின. 1859-இல் படகோட்டி உரிமம் வாங்கியவருக்குப் பிழைப்புப் போயிற்று. அடிமைமுறை இருந்த மிசௌரியில் வளர்ந்த அவர், ஊர்த் தோழர்களோடு, அடிமைமுறையைக் காக்க நின்ற தெற்குத் தரப்பின் தொண்டர் படை ஒன்றில் சேர்ந்தார். இரண்டு வாரம் போல இருந்துவிட்டு விலகி, அண்ணனுடன் நெவாடாவுக்குப் போனார். 1885-இல் இதை அவரே எழுதினார். இருட்டில் குதிரையில் வந்த, கையில் ஆயுதம்கூட இல்லாத ஒருவனைப் பயத்தில் சுட்டுவிட்டு, அவன் சாவதைப் பார்த்து நிற்கிறார்கள் அந்த இளைஞர்கள். அந்தச் சாவு கற்பனையாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இருக்கட்டும். போர் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு அதைவிடத் தெளிவாக யார் சொல்லப்போகிறார்கள்?

இதைவிட என்னைப் புண்படுத்தியது, அந்நூல் விட்டுவிட்ட ஒரு கதை. 1874 நவம்பரில் அட்லாண்டிக் என்ற அமெரிக்க மாத இதழில் ட்வைன் "ஓர் உண்மைக் கதை" என்ற தலைப்பில் எழுதினார். நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் அவர் கோடைகாலத்தில் தங்கும் பண்ணைவீட்டில் சமையல் செய்த மேரி ஆன் கார்ட் என்ற கறுப்பினப் பெண் சொன்னது அது. கதையில் அவர் பெயர் ரேச்சல். எப்போதும் சிரித்த முகம். உனக்குத் துன்பமே வந்ததில்லையா என்று ட்வைன் கேட்கிறார். ரேச்சல் சொல்லத் தொடங்குகிறார். கணவரும் ஏழு பிள்ளைகளும் ஏலத்தில் விற்கப்பட்டார்கள். கடைசி மகன் ஹென்றி, ஓடிப்போய் உழைத்து அம்மாவை மீட்பேன் என்று காதில் சொல்லிவிட்டுப் போகிறான். போர்க்காலத்தில் வடபுலப் படை அதிகாரிகளுக்கு ரேச்சல் சமைக்கிறார். ஒரு நாள் காலை அடுப்பருகே குனிந்திருக்கையில் ஓர் இளைஞனின் முகம் அவரைக் கீழிருந்து உற்றுப் பார்க்கிறது. ரேச்சல் அவன் சட்டைக் கையைத் தள்ளிப் பார்க்கிறார். மணிக்கட்டில் பழைய தழும்பு. நெற்றியிலும் தழும்பு. ஹென்றி. மற்ற ஆறு பிள்ளைகளை அவர் பிறகு கண்ணால் காணவில்லை.

ஆங்கிலப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதை வரிவரியாகத் தமிழில் சொல்லி முடித்தேன். அந்தச் சிறுமி கேட்டாள்: "இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, டீச்சர்? வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?" எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளைக்கு எல்லாம் கிடைக்கிறது. தமிழ் மட்டும் வாசிப்பவளுக்கு நீங்கள் கொடுப்பதுதான் கிடைக்கிறது. அவளுக்கு நீங்கள் கொடுத்தது ட்வைன் நாவலில் வேலிக்கு வெள்ளையடிக்கும் சிறுவன் டாம் சாயரை மட்டுமே. தயவுசெய்து போரை வெட்டாதீர்கள்.

அதே பதிப்பகத்தின் அமெரிக்க உள்நாட்டுப் போர் நூலையும் பார்த்தேன். லிங்கன் படம், கெட்டிஸ்பர்க் போர்க்களம், தெற்குப் படை சரணடைந்த தேதி. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட போருக்குக் காரணம் "வட, தென் மாநிலங்களின் கருத்து வேறுபாடு" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். தாயையும் பிள்ளையையும் தனித்தனியே ஏலம் போட்டதற்குப் பெயர் கருத்து வேறுபாடா? வழவழப்பான தாளுக்கும் வண்ண அட்டைக்கும் செலவழிக்கும் நீங்கள், நூலைச் சுருக்கியிருக்கிறோம் என்று அட்டையில் ஒரு சொல் போடுவதில்லை. மொழிபெயர்த்தவர் பெயரையும் காணோம்.

பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்பீர்கள். போருக்கு எதிரான ட்வைனின் பிரார்த்தனைக் கதையை 1905-இல் ஓர் இதழ், பெண்கள் பத்திரிகைக்குப் பொருந்தாது என்று திருப்பி அனுப்பியது. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1923-இல்தான் அது நூலில் இடம்பெற்றது. பிறர் தாங்கமாட்டார்கள் என்று அன்று சொன்ன அதே காரணத்தைத்தான் இன்று நீங்களும் சொல்கிறீர்கள். என் வகுப்புப் பிள்ளைகள் ரேச்சலின் கதையைத் தாங்கினார்கள். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பது இவ்வளவுதான். மறுபதிப்பில் 1861-இல் நடந்ததைச் சேருங்கள். போர் நூலில் அடிமைமுறையை அதன் பெயராலேயே எழுதுங்கள். சுருக்கினால் சுருக்கியதாகச் சொல்லுங்கள். போரை வெட்டாதீர்கள். ரேச்சலின் கதைக்கு இன்று பதிப்புரிமைத் தடை இல்லை. அச்சிட முன்வரும் எந்தப் பதிப்பகத்துக்கும் மொழிபெயர்த்துத் தருகிறேன், பணம் வேண்டாம். பிள்ளைகள் கைக்கு எட்டும் விலையில் போடுங்கள்.

அன்புடன்,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை