புளியரைக்கு ஒரு கடிதம்: ஜெனரேட்டர் வாங்கும் முன்

அருமனை,
புரட்டாசி கடைசி வாரம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு ராத்திரியில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் வைக்கச் சொல்லிவிட்டார்கள் என்று படித்ததும், கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு உன் வீட்டுக்கு வந்தால் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் எடுத்து வைத்துவிட்டு, நாம் தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பார்களே, அந்த உருவம்தான் கண்ணில் வந்தது. நான் கேட்டதாகச் சொல்.

இங்கே எல்லோரும் சுகம். மூத்தவளுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்துவிட்டது, தினமும் குழித்துறையில் ரயில் ஏறிப் போய் வருகிறாள். ரப்பர் மரத்துக்குப் பிளாஸ்டிக் ஒட்டியும் மழை விடாததால் இந்த மாதம் பால்வெட்டு பாதி நாள்தான் நடந்தது. இன்னும் ஐப்பசி, கார்த்திகை மழை பாக்கி இருக்கிறது. அதனால் நீ கேட்டதற்கு உடனே பதில் எழுதிவிடுகிறேன்.

கரண்டு போனால் ஓட்ட 5 கேவிஏ ஜெனரேட்டர் வாங்கவா, 3 கேவிஏ போதுமா என்று கேட்டிருக்கிறாய். ஒக்கி புயல் முடிந்த கையோடு நானும் கடைக்குப் போய் இதையேதான் கேட்டேன். 2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. காலையில் காற்று எங்கள் விளைக்குள் புகுந்தபோது ரப்பர் மரங்கள் ஒவ்வொன்றாக நடுவில் முறிகிற சத்தம், யாரோ விறகு பிளக்கிற மாதிரி, மத்தியானம் வரை நிற்கவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் திரும்பவே இல்லை என்பது உனக்குத் தெரியும். அந்த வீடுகளை நினைத்தால் எங்கள் கஷ்டத்தைச் சொல்லக்கூடக் கூடாது. ஆனாலும் எங்கள் தெருவுக்குக் கரண்டு வரப் பதினோரு நாள் ஆனது. முதல் இரண்டு நாள் மெழுகுவர்த்தியில் ஓடியது. மூன்றாம் நாள் மேலே தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது. கிணற்றில் கண்ணுக்குத் தெரிகிற ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது, வாளி கட்ட வீட்டில் ஒரு கயிறு இல்லை. ராட்டினத்தைக் கழற்றிப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

அந்த அவசரத்தில் வாங்கியதுதான் என் முதல் ஜெனரேட்டர். பெட்டியில் பெரிய எழுத்தில் 5 என்று போட்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மோட்டாரைப் போட்டேன். இஞ்சின் ஒரு நொடி மூச்சடைத்த மாதிரி குரல் தாழ்ந்தது, அடுக்களையில் எரிந்த பல்பு சிவந்து சுருங்கியது, டப்பென்று பிரேக்கர் விழுந்தது. மூன்று தடவை முயன்றும் அதேதான். அப்புறம் மெஷினில் விவரம் பொறித்த தகட்டைத் துடைத்துப் பார்த்தால், அந்த ஐந்து சில நொடிகள் மட்டும் தாங்கக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது அதைவிட எவ்வளவோ குறைவு, அதுவும் பொடி எழுத்தில். உள்ளே சுற்றியிருந்த கம்பி செம்பு இல்லை, அலுமினியம். கடைக்காரர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. நீ கடைக்குப் போனால் பெட்டியைப் பார்க்காதே, தகட்டைப் பார். தொடர் திறன் எவ்வளவு, காப்பர் வைண்டிங்தானா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கு. கேவிஏ என்று போட்டிருந்தால் 0.8ஆல் பெருக்கிக்கொள், கிலோவாட் கிடைக்கும். 3 கேவிஏ என்றால் கையில் நிற்பது சுமார் 2400 வாட்.

மோட்டார் ஏன் இப்படிச் செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பல்பும் மின்விசிறியும் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவோடு நிற்கும். மோட்டாரும் ஃபிரிட்ஜும் அப்படி இல்லை. நின்ற இடத்திலிருந்து சுழலத் தொடங்குகிற அந்த நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல மூன்று மடங்கு, சில சமயம் ஐந்தாறு மடங்கு இழுக்கும். எங்கள் எலக்ட்ரீஷியன் பையன் கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டிக் காட்டினான். என் ஒன்றரை ஹெச்பி மோட்டார் ஓடும்போது பத்து ஆம்பியர்தான், கிளம்பும்போது முப்பதையும் தாண்டியது.

அடுத்து அவன் கேட்டதைத்தான் உனக்கு முக்கியமாக எழுத வந்தேன். "அண்ணே, உங்க கிணறு நாப்பது அடிதானே, இதுக்கு எதுக்கு ஒன்றரை?" உண்மைதான். வீடு கட்டும்போது யாரோ சொன்னார்கள் என்று போட்டது. கழற்றிவிட்டு அரை ஹெச்பி மோட்டார் போட்டோம். தொட்டி நிறைய முன்பைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது, அவ்வளவுதான். அதை இப்போது 2 கேவிஏ சின்ன ஜெனரேட்டரே சிரமமில்லாமல் இழுக்கிறது. ஜெனரேட்டரைப் பெரிதாக்குவதற்கு முன்னால் வீட்டுச் சுமையைச் சிறிதாக்க முடியுமா என்று பார். உன்னுடையது போர்வெல் என்று எழுதியிருந்தாய். முந்நூறு அடி ஆழம் என்றால் அரை ஹெச்பி ஏற்றாது, ஒன்றரைதான் வேண்டியிருக்கும், அதற்கு உண்மையான 5 கேவிஏ வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு வழி: கீழே ஒரு 2000 லிட்டர் சின்டெக்ஸ் வைத்து, புயல் எச்சரிக்கை வந்ததும் கரண்டு இருக்கும்போதே நிரப்பிவிடு. அதிலிருந்து மேலே ஏற்ற அரை ஹெச்பி போதும். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கிறது.

இனி அம்மாவின் மெஷின். நிமிஷத்துக்கு 5 லிட்டர் ஆக்ஸிஜன் தருகிற கான்சன்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுக்கும். இதை நேராக ஜெனரேட்டரில் ஓட்டலாம் என்று நினைக்காதே. கரண்டு போவதற்கும் நீ மழையில் இறங்கிப் போய்க் கயிற்றை இழுப்பதற்கும் நடுவில் நேரம் ஓடிவிடும், ஒரு நாள் இஞ்சின் கிளம்பாமலும் போகலாம். நடுவில் இன்வெர்ட்டரும் பாட்டரியும் இருக்க வேண்டும். அதுவும் லைன் கரண்டு மாதிரியே சீராகத் தருகிற பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டர், பழைய ஸ்கொயர் வேவ் இந்த மெஷினுக்கு ஆகாது. 12 வோல்ட், 150 ஏஹெச் (ஆம்பியர் மணி) பாட்டரி ஒன்றில் கணக்குக்கு 1800 வாட் மணி இருக்கும், முழுவதையும் எடுக்க முடியாது. எட்டு மணி நேரத்துக்கு மெஷின் கேட்பது 2800 வாட் மணி. ஆகக் குறைந்தது இரண்டு பாட்டரி போட்டு ஓடும் இன்வெர்ட்டராக வாங்கு. அதற்கும் மேலே, வீட்டில் ஒரு பி டைப் ஆக்ஸிஜன் சிலிண்டர் நிறைத்து வைத்துக்கொள். அதில் 1500 லிட்டர் இருக்கும், நிமிஷத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம். அம்மாவுக்கு எத்தனை லிட்டர் வைக்க வேண்டும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ரெகுலேட்டரை மாற்றிப் போட உன் மனைவிக்கும் தெரிந்திருக்கட்டும். இஞ்சின், பாட்டரி எல்லாம் கைவிட்டாலும் அந்த இரும்புக் குழாய் கைவிடாது.

கூரையில் சோலார் போட்டுவிட்டால் ஜெனரேட்டரே வேண்டாமா என்றும் கேட்டிருந்தாய். மானியத்தில் போடுகிறவற்றில் பெரும்பாலானவை மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுபவை. லைனில் கரண்டு இல்லையென்றால் பட்டப்பகல் வெயிலிலும் அது தானாக நின்றுவிடும். பாட்டரியோடு ஹைபிரிடாகப் போட்டால்தான் புயல் நாளில் உதவும்.

ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்பதை எந்தக் கடையிலும் சொல்லித் தரமாட்டார்கள். இதைப் படிக்கும்போது உன் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. ஒக்கியின் ஆறாம் நாள் மறுபடியும் மழை. மெஷின் நனைந்துவிடுமே என்று அடுக்களைக்குப் பின்னால் இருக்கும் வர்க் ஏரியாவில் கொண்டு வைத்தேன். மூன்று பக்கமும் கம்பி கிரில்தானே, காற்று வராதா என்ற நினைப்பு. மழைச்சாரலுக்குப் படுதா கட்டியிருந்ததை யோசிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் என் அம்மா தலை வலிக்கிறது என்றார்கள். மனைவிக்குக் குமட்டல். காலையில் சாப்பிட்ட கிழங்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சுக்குக்காப்பி போட அவள் அடுக்களைக்குப் போனாள், அதாவது மெஷினுக்கு இன்னும் பக்கத்தில் போனாள். அங்கேயே கால் துவண்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் நர்ஸ். அவள் உள்ளே வந்த வேகத்தில் ஜன்னலையெல்லாம் திறந்து, மெஷினை நிறுத்தி, இரண்டு பேரையும் மழையிலேயே முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு. மணம் இல்லை, நிறம் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். உறக்கத்தில் இருந்திருந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். அன்று அவள் வந்திராவிட்டால் என்று இப்போது எழுதும்போதும் என் கை நடுங்குகிறது.

வீட்டைவிட்டு இருபது அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க, திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும். மழைக்கு நான்கு கால் நட்டு மேலே மட்டும் தகரம் போடு, பக்கங்களை அடைக்காதே. உங்கள் ஊரில் ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், ஐப்பசி, கார்த்திகையில் திசை மாறும். எந்தக் காற்றும் புகையை அம்மாவின் அறை ஜன்னலுக்குக் கொண்டுவராத திசையாகப் பார்த்து இடம் பிடி. கான்சன்ட்ரேட்டர் அந்த அறைக் காற்றைத்தானே இழுத்துக் கொடுக்கிறது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கி அந்த அறையிலேயே மாட்டு.

அப்புறம் சேஞ்ச் ஓவர் சுவிட்ச், அதாவது வீட்டை மின்வாரிய லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சுவிட்ச். எட்டாம் நாள் வெளி மாவட்டத்திலிருந்து வந்திருந்த மின்வாரிய ஆட்கள் எங்கள் தெருவில் கம்பம் நட்டார்கள். அதில் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், ஏணியில் கால் வைத்தவர் நின்றுவிட்டார். காதைச் சாய்த்து எங்கெங்கே ஜெனரேட்டர் சத்தம் கேட்கிறது என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு வீடாகப் போய் இணைப்பைப் பார்த்தார். ஒரு வீட்டில், இரண்டு முனையிலும் பிளக்டாப் மாட்டின வயரால் ஜெனரேட்டரை நேராகச் சுவர் பிளக்கில் செருகியிருந்தார்கள். மெயின் ஆஃப் செய்யப்படவில்லை. அப்படிச் செய்தால் வீட்டுக் கரண்டு தெருக் கம்பிக்குத் திரும்பி ஏறும். டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தலைகீழாக வாங்கி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மேல் கம்பிக்குத் தள்ளும். அவர் கத்தவில்லை. வயரைப் பிடுங்கிச் சுருட்டி அந்த வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கு ரெண்டு பொண்ணுங்க சார்" என்று மட்டும் சொன்னார். கம்பியில் கரண்டு வந்தால் மண்ணுக்கு இறக்கிவிடுகிற எர்த் ராடை மாட்டிவிட்டுத்தான் ஏறினார். மெயின், ஆஃப், ஜெனரேட்டர் என்று மூன்று நிலை உள்ள, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே மாற்றுகிற சுவிட்சை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துப் போடு. இதில் காசைக் குறைக்காதே.

ஓட்டுகிற முறை ரொம்ப எளிது. நாள் முழுக்க ஓட்ட வேண்டியதில்லை. நான் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். முதலில் தண்ணீர், தொட்டி நிறைந்து மோட்டார் நின்றதும் ஃபிரிட்ஜ், கூடவே இன்வெர்ட்டர் சார்ஜ். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது. மூடியே வைத்தால் ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிரைத் தாங்கும். உனக்கு இரண்டு பாட்டரி என்பதால் சார்ஜுக்குக் கூடுதல் நேரம் வேண்டும், பத்து மணி நேரம் வரைகூட ஆகலாம். ஜெனரேட்டர் கரண்டை இன்வெர்ட்டர் ஏற்காமல் அடம்பிடித்தால், பின்பக்கம் யுபிஎஸ் மோடில் இருக்கும் சுவிட்சை நார்மலுக்கு மாற்றிப் பார். பெரும்பாலும் அதுதான். வசதிப்பட்டால் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டராகவே வாங்கு. விலை கூடுதல்தான், ஆனால் கரண்டு சுத்தமாக வரும், சத்தமும் குறைவு.

எனக்கு மூன்று மணி நேரத்துக்கு மூன்று லிட்டருக்குள் பெட்ரோல் ஆகிறது. 1934ஆம் வருஷப் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்துக்கொள்ளலாம். இரும்புக் கேனில், இறுக்கமான மூடியோடு, ஒரு கேனில் 25 லிட்டருக்கு மேல் போகாமல். பிளாஸ்டிக் கேன் கூடாது. வீட்டுக்குள்ளேயும் வைக்காதே. இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் வைத்தால் கெட்டுப்போகும். மழைக்காலத் தொடக்கத்தில் வாங்கி, முடிந்ததும் பைக்கில் ஊற்றித் தீர்த்துவிடு. ஓடுகிற மெஷினில் பெட்ரோல் ஊற்றாதே, நிறுத்திச் சூடு ஆறின பிறகுதான். முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்று, அதற்கப்புறம் 100 மணிக்கு ஒருமுறை. மாதம் ஒரு தடவை மோட்டாரைப் போட்டுக் கால் மணி நேரம் ஓட்டு. பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பது எரிந்து தானாக நிற்கும் வரை விடு. இதைச் செய்யாமல் வருஷம் முழுக்க மூலையில் போட்டு வைத்தால் புயல் அன்றைக்குக் கயிறுதான் கையோடு வரும்.

1956 நவம்பர் 1ஆம் தேதி நம் தாலுகாவும் உங்கள் செங்கோட்டையும் ஒன்றாகத் தமிழ்நாட்டுக்கு வந்தன என்று வரலாற்று வாத்தியார் சொல்லும்போது, எங்கே இருக்கிறது அந்த ஊர் என்று நீதான் கேட்டாய். இப்போது அங்கேயே வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறாய். நான் இன்னும் அந்த வீட்டைப் பார்க்கவில்லை.

தீபாவளி கழிந்து வரட்டுமா என்று யோசித்தேன், வேண்டாம். மழை அதற்குள் பிடித்துக்கொள்ளும். வருகிற சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் பையனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், கிளாம்ப் மீட்டர் அவனிடம் இருக்கிறது. அதுவரை எதுவும் வாங்கிவிடாதே. போர் மோட்டாரின் தகட்டையும், கான்சன்ட்ரேட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு. அம்மாவுக்குக் கிழங்கு சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல், நம் விளையில் நேற்றுத்தான் பிடுங்கினோம்.

உன்,
பழைய கூட்டாளி