அனியின் சுவர்கள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். கோடையில் கிழக்குத் துருக்கியின் கார்ஸ் நகருக்குப் போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. அங்கிருந்து அனிக்கு, அதாவது இடிபாடாகக் கிடக்கும் பழைய ஆர்மீனியத் தலைநகருக்கு, ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான். அதற்கென்று ஒரு முழு நாளை ஒதுக்கிவிடு. "கத்தியால் அறுத்த மாதிரி பாதி தேவாலயம் மட்டும் நிற்கிறதே, எப்படி?" என்று கேட்டிருந்தாய். சுவர் கட்டிய முறையைச் சொன்னால்தான் அது விளங்கும். அதற்கு முன் ஊர் அமைந்த இடம்.

கிழக்கே அகுரியன் ஆற்றுப் பள்ளத்தாக்கு, மேற்கே போஸ்தான்லார் பள்ளம், நடுவே முக்கோண மேடு. தெற்குப் பக்கத்தில் கம்சரக்கான் என்ற பிரபுக் குடும்பத்தாரின் பழைய கோட்டை. 961-இல் ஆர்மீனியாவை ஆண்ட பக்ராத்தூனி வம்சத்து அரசர் மூன்றாம் அஷோத் தலைநகரைக் கார்ஸிலிருந்து இங்கே மாற்றினார். மேடு குறுகும் இடத்தில் அவர் எழுப்பிய மதிலைத் தாண்டி ஊர் வேகமாக வளர்ந்துவிட்டது. மகன் இரண்டாம் சம்பாத் (977–989) இன்னும் வடக்கே தள்ளி இரட்டை மதில் கட்டினார். பள்ளம் இல்லாத ஒரே பக்கம் வடக்கு என்பதால் பலத்தையெல்லாம் அங்கேதான் குவித்தார்கள். சிங்க வாசலில் கவனி: வெளிவாசலும் உள்வாசலும் நேருக்கு நேர் இருக்காது. உள்ளே பாய்ந்து வருகிறவன் இரு மதில்களுக்கு நடுவே திரும்பியாக வேண்டும்.

இனி சுவர். கல் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான டஃப். வெட்டும்போது மென்மை, காற்றுப் பட்டால் கெட்டிப்படும், எடையும் குறைவு. முகப்புக் கற்களின் வெளி விளிம்பை இழைத்து, சாந்து வெளியே தெரியாதபடி நெருக்கிப் பொருத்துவார்கள். பின்பக்கத்தைக் கரடுமுரடாகவே விட்டுவிடுவார்கள். உள்ளும் புறமும் சில வரிகள் ஏற்றியதும் நடுவில் கப்பிக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொட்டி நிரப்பி, இறுகிய பின் அடுத்த வரிகள். வெளியே தெரியும் கல் அச்சுப்பலகை வேலையைத்தான் செய்கிறது. பளுவில் பெரும்பங்கைத் தாங்குவது உள் நிரப்பு.

பேராலயத்தைத் தொடங்கியது 989-இல்; முடித்தவர் முதலாம் காகிக்கின் அரசி கத்ரானிதே, 1001-இல். நீளம் சுமார் 34 மீட்டர். சிற்பி திர்தாத். கான்ஸ்டான்டினோபிளில் 989 நிலநடுக்கத்தில் உடைந்த ஹாகியா சோஃபியா தேவாலயத்தின் குவிமாடத்தைச் சரிசெய்து கொடுத்ததும் இவர்தான். உள்ளே நான்கு தூண்களும் மெல்லிய தண்டுகளைச் சேர்த்துக் கட்டிய கற்றைகளாக மேலேறி, கூர்முனை வளைவுகளாகப் பிரிகின்றன. பிரான்சில் கோதிக் ஆலயங்கள் எழும்ப இன்னும் நூறாண்டுக்கு மேல் இருந்தது! இந்த ஒரு காட்சிக்காகவே அனிக்குப் போகலாம் என்பேன்.

1319 நிலநடுக்கத்தில் அனி பேராலயத்தின் குவிமாடம் விழுந்தது, சுவர்கள் நின்றன. நிலம் குலுங்கும்போது உயரத்தில் இருக்கும் குவிமாடமும் அதைத் தாங்கும் உருளைச் சுவரான கழுத்தும்தான் அதிகம் ஆடும். கீழே கனத்த நிரப்புச் சுவர் ஒரே பாறையாக நிற்கும். 1988-இல் ஆர்மீனியாவின் ஸ்பிதாக் நிலநடுக்கத்தில் வடமேற்கு மூலையும் சரிந்தது.

நீ கேட்டது மீட்பர் தேவாலயம், 11-ஆம் நூற்றாண்டு. வெளியே 19 முகங்கள், உள்ளே வட்டமாக எட்டு அரைவட்டக் குழிவு மாடங்கள், மேலே உயரமான கழுத்து. 1950-களில் ஒரு புயலின்போது கிழக்குப் பாதி விழுந்தது. என் கணிப்பு இது: நிரப்பில் குறுக்கே கட்டும் நீளக்கற்கள் இல்லாவிட்டால், ஒருமுறை விட்ட விரிசல் மேலிருந்து கீழ்வரை ஓடிவிடும். அதே சமயம் ஒவ்வொரு மாடமும் வளைந்த சுவர் என்பதால் தன் காலிலேயே நிற்கும். அதனால்தான் மிச்சப் பாதி பிழைத்தது.

மெதுவாக அழிப்பது தண்ணீர். கூரைப் பலகைக் கல் பெயர்ந்தால் மண் சேர்ந்து புல் முளைக்கும், மழையும் பனியும் நிரப்புக்குள் இறங்கும். 1300 மீட்டருக்கு மேலுள்ள அந்தக் குளிரில் நீர் உறைந்து விரிந்து முகப்புக் கல்லை வெளியே தள்ளும். அடிவரிகளை வீடு கட்டப் பெயர்த்துக்கொண்டு போனால் கேடு இன்னும் சீக்கிரம். சிமெண்ட் பூசி அடைப்பதும் தவறு: ஈரம் வெளியேற வழியின்றி உப்பாகப் பூத்துக் கல்லை உதிர்க்கும். பழைய வேலைக்குச் சுண்ணாம்புதான் சரி.

1921 கார்ஸ் உடன்படிக்கைக்குப் பின் அகுரியன் ஆறே துருக்கிக்கும் ஆர்மீனியாவுக்கும் எல்லை. அதன் மேலிருந்த பழைய பாலத்தின் வளைவு எப்போதோ போய்விட்டது. ஒரு கரைத்தாங்கி துருக்கியில், மற்றது ஆர்மீனியாவில்.

பேராலயத்தின் வடமேற்கு மூலையை மறக்காமல் பார். உள்நிரப்பும் கல்லின் பின்முகமும் கண்ணுக்குத் தெரிந்தால் படம் எடுத்து அனுப்பு. பெரிய கல் கலந்திருக்கிறதா, சிறு கப்பி மட்டுமா என்றும் எழுது.

அன்புடன்,
ராகவன்