சட்டம் மாறுமுன் சிறு சங்கங்களுக்கு வழிகாட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு மாதர் சங்கத்தில் எட்டு வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். சங்கத்துக்கென்று கட்டடம் இல்லை. அறிக்கைப் புத்தகம், பற்றுச்சீட்டுக் கட்டு, பிஸ்கற் பேணிக்குள் றப்பர் முத்திரை எல்லாம் என் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில்தான். ஒரு மாரி வெள்ளத்தில் அந்தத் தட்டு நனைந்து, சங்க விதிகளை எழுதிய யாப்பின் நடுப்பக்கங்கள் ஒட்டிப்போயின. நிருவாக சபைத் தெரிவு பற்றிய பகுதி அதில்தான் இருந்தது. அடுத்த பொதுக்கூட்டத்தில் பொருளாளர் மாறினார். வங்கி யாப்பின் பிரதி கேட்டது. எங்களிடம் இல்லை. தையல் பயிற்சிக்குத் துணி வாங்க வைத்த காசை ஐந்து மாதம் எடுக்க முடியவில்லை.

தொண்டு நிறுவனங்களுக்கான 1980-ம் ஆண்டின் 31-ம் இலக்கச் சட்டத்தை மாற்றிப் புதிய சட்டம் கொண்டுவரும் பேச்சு சில வருடங்களாக நடக்கிறது. கணக்கைக் காட்டு என்று அரசு கேட்பது நியாயம்தான். சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனை பெயர்ப்பலகைகள் வந்து போயின என்று பார்த்தவர்கள் நாங்கள். ஆனால், கொழும்பில் சட்டத்தரணி வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் கிராமச் சங்கத்துக்கும் ஒரே படிவம், ஒரே தவணை என்றால் நாங்கள் தாங்க மாட்டோம்.

என் அண்ணா கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் ஊர்ச்சங்கம் ஒன்றில் இருக்கிறார். ஒன்ராறியோவில் இலாப நோக்கற்ற கூட்டுத்தாபனங்களுக்கான புதிய சட்டம் 2021 ஒக்டோபர் 19-ல் நடைமுறைக்கு வந்தது. யாப்பைத் திருத்த 2024 ஒக்டோபர் 18 வரை மூன்று வருடம் கொடுத்தார்கள். அதற்குள் திருத்தாத சங்கத்தைக் கலைக்கவில்லை. யாப்பில் சட்டத்தோடு முரண்படும் இடங்களில் சட்டம் சொல்வதே செல்லும், அவ்வளவுதான். மாதிரி யாப்பும் எளிய மொழியில் விளக்கங்களும் இலவசமாகக் கிடைத்தன. சட்டத்தரணிக்குக் காசு கட்டாமல், நாலு பேர் மேசையைச் சுற்றி இருந்து செய்து முடித்தோம் என்கிறார் அண்ணா.

இங்கும் அப்படிச் செய்யலாமே. எந்தச் சங்கத்துக்குச் சட்டம் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று முதலில் தெளிவாகச் சொல்லட்டும். அப்புறம், தமிழில் ஒரு மாதிரி யாப்பு. வாகரை, வெல்லாவெளி, திருக்கோவில் போன்ற பிரதேச செயலகங்களில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தரோடு நடமாடும் சேவை. கூலி வேலைக்குப் போகும் பெண்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பட்டணத்துக்கு அலைய முடியாது.

எங்கள் யாப்பை இப்போது புதுக் கொப்பியில் கையால் எழுதி வருகிறேன். ஏழாம் பிரிவு வரை முடிந்தது. மாதிரி எப்போது வரும் என்று தெரிந்தால், மிச்சத்தை அதைப் பார்த்தே எழுதுவேன்.

சங்கச் செயலாளர் ஒருவர்,
கொக்கட்டிச்சோலை.