நோட்டைப் படிப்பவர் யார் என்று கேள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டுக்கு வந்துவிட்ட பாப்பாவை, செமஸ்டர் விடுமுறையில் எங்கே இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறாய். இருபது ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அவள் காட்டிய அந்த விளம்பரத்தை மறந்துவிடச் சொல். பதினைந்து நாள், வீட்டிலிருந்தே, பணம் கட்டினால் சான்றிதழ் என்ற வகைப் பயிற்சி ஒன்றுக்கு நானே ஒருமுறை ஐந்து மாணவிகளுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ஐவர் கொண்டுவந்த அறிக்கையிலும் பெயர்தான் வேறு, மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. இன்றும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம்தான் வேண்டும் என்கிறாளாம். 1794இல் தொடங்கிய நிறுவனம், ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் பட்டப்படிப்பு மாணவி எங்கே போனாலும் ஆலோசனை சொல்லவோ, நோய் இன்னதென்று சொல்லவோ கூடாது. மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும், மூன்றாண்டு பி.எஸ்சி. அதற்குப் போதாது. பிறகு அங்கே போய் என்னதான் செய்வது என்றால், பார்ப்பதும் பார்த்ததை எழுதுவதும்தான். அது லேசான வேலை என்று எண்ணிவிடாதே.

சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி, மனச்சிதைவு நோயிலிருந்து தேறி வருகிறவர்களுக்கான பகல்நேர மையம் ஒன்றில் ஒரு மாதம் இருந்தாள். காகித உறை ஒட்டும் மேசையருகே உட்கார்ந்திருந்தவள், ஒருவரைப் பற்றி முதல் நாள் தன் நோட்டில், "சோகமாக இருக்கிறார், யாரோடும் ஒட்டவில்லை" என்று எழுதியிருந்தாள். அங்கிருந்த சமூகப் பணியாளர் அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து, "சோகத்தை எங்கே பார்த்தாய்?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்றாம் வாரம் அதே மனிதரைப் பற்றி அவள் எழுதியிருந்தது இது: டீ வந்ததும் பக்கத்துப் பெரியவரின் தம்ளரை எடுத்து, பாதியை வேறொரு தம்ளரில் ஊற்றிவிட்டு, மீதிப் பாதியை அவர் முன்னால் வைத்தார். பெரியவருக்குக் கை நடுக்கம். மனநோய்க்கான சில பழைய மருந்துகளால் அப்படி நடுக்கம் வரலாம் என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லிக் கடந்திருக்கிறேன். நிறைந்த தம்ளர் அந்தக் கையில் என்ன ஆகும் என்பது, யாரோடும் ஒட்டாதவருக்குத் தெரிந்திருந்தது.

பாப்பாவுக்கு இப்போதே காப்பகம் வேண்டாம் என்பது என் எண்ணம். உங்கள் தெருமுனை அங்கன்வாடியில் தொடங்கட்டும். சிரிக்காதே. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே சொன்னதைப் பார்க்க அங்கே ஒரு தம்ளரும் சொம்பும் போதும்: அகலமான சொம்பிலிருந்து ஒல்லியான தம்ளருக்கு அதே தண்ணீரை மாற்றினால், நான்கு வயதுக் குழந்தை பெரும்பாலும் தம்ளரில்தான் அதிகம் என்று சாதிக்கும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பக்கம் கண்முன்னே எழுந்து பேசுவதை அவள் பார்க்க வேண்டும். கல்லூரியின் கடிதத்தோடு வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் அனுமதி கேட்கச் சொல்.

அடுத்த ஆண்டு மனநல நிலையம் எதற்காவது போனால், கைப்பேசியைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். சிகிச்சை பெறுகிறவரின் படத்தையோ விவரத்தையோ அவருடைய சம்மதமின்றி ஊடகத்துக்குக் கொடுப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுக்கிறது. வாசலில் எடுக்கும் செல்ஃபியில் பின்னால் நிற்பவரும் அப்படிச் சிகிச்சை பெறுகிறவராக இருக்கலாம் என்பது நம் பிள்ளைகளுக்கு உறைப்பதில்லை.

எந்த இடமானாலும் சேரும் முன் ஒன்றை மட்டும் கேட்கச் சொல்: வாரம் ஒருமுறை என் நோட்டைப் படிப்பவர் யார்? பதிலாக ஒருவரைக் கைகாட்டினால் சேரலாம். சான்றிதழ் எப்போது வரும் என்று அவர்களே பேச்சை மாற்றினால், பேருந்துக் கட்டணத்தோடு போகட்டும் என்று திரும்பிவிடலாம்.

அங்கன்வாடியில் எழுதும் முதல் பத்துப் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல். என் மேசையிலும் சிவப்புப் பேனா இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்