தொகுப்பு வீடுகளும் விட்டுப்போன விசாரிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1997-இல் சமத்துவபுரம் திட்டம் ஓரிடத்தில் 100 வீடுகளை வகுத்தபோது, பல சாதியினரும் அடுத்தடுத்த வாசலில் பழக வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தது. எல்லாத் தொகுப்பு வீடுகளுக்கும் பொருந்த வேண்டிய அந்த நோக்கம், கட்டடங்களோடு சேர்ந்து மூப்படைந்துவிட்டது.

மண்டபம் பகுதியில் நான் வசிக்கும் குடியிருப்பில் உப்புக்காற்று கம்பியைத் தின்று, மேல்தளக் காரை பெயர்ந்து விழுகிறது. அதற்காவது மனுக் கொடுக்கலாம். பிள்ளைகள் வளைகுடாவுக்கும் திருப்பூருக்கும் போய்விட, தனித்திருக்கும் முதியவரை விசாரிக்க ஆளில்லை என்று யாரிடம் மனுக் கொடுப்பது? முன்பு தண்ணீர் லாரி வரும் நாளில் பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருப்பார்கள். எந்த வீட்டுக் குடம் வரிசையில் இல்லையோ, அந்த வீட்டை ஒருவர் எட்டிப் பார்த்து வருவார். வீட்டுக் குழாய் வந்தது நல்லதுதான் (அதில் தண்ணீர் வரும் நாள்களில்). ஆனால் அந்த விசாரிப்பு நின்றுபோனது.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பதால், பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடத்தை அவர்கள் துணையோடு செப்பனிட்டு, மாலையில் முதியோர் கூடும் இடமாக்க உள்ளாட்சி நிர்வாகம் முன்வர வேண்டும். சாவியை மகளிர் சுய உதவிக் குழுவிடம் ஒப்படைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மண்டபம்.